பழைய தேக்கா, பச்சைக் கட்டையா? கிண்ணம் கடையப் பழகுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் சிறிய கடைசல் எந்திரம் (லேத்) வாங்கி மரக்கிண்ணம் கடையத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். "அடி தட்டையாகிவிடுகிறது, பக்கம் செங்குத்தாக நிற்கிறது, வளைவு அமையவில்லை" என்பது ஒன்று. "எவ்வளவு உப்புத்தாள் தேய்த்தாலும் எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் சொரசொரப்பு போகவில்லை" என்பது மற்றொன்று. இதற்கு அடுத்து, எந்த பாலிஷ் அடித்தால் சரியாகும் என்று கேட்கிறார்கள். எதை அடித்தாலும் சரியாகாது. பாலிஷ் அந்தக் குறையை இன்னும் பளிச்சென்று எடுத்துக் காட்டும். தொடக்கக் காலத்தில் வடிவத்தையும் வழவழப்பையும் அதிகம் தீர்மானிப்பது, நாம் எந்தக் கட்டையை எந்த நிலையில் எந்திரத்தில் ஏற்றுகிறோம் என்பதுதான்.

நம் பக்கத்தில் அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வீடு இடிக்கும் இடத்திலிருந்து வரும் பழைய தேக்குத் துண்டைக் கடையலாம். புதிதாக வெட்டிய ஈரக் கட்டையை ஒரே மூச்சில் மெல்லிய கிண்ணமாகக் கடைந்து முடிக்கலாம். அதே ஈரக் கட்டையை முதலில் தடிமனாகக் கடைந்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, இரண்டாம் முறை கடைந்து முடிக்கலாம். எதில் தொடங்குவது என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது

வெட்டு. கிண்ணக் கட்டையில் நார் பொதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் குறுக்காக ஓடுகிறது. அதனால் கட்டை ஒரு சுற்றுச் சுற்றும்போது உளி இரண்டு முறை நாரின் பக்கவாட்டையும் இரண்டு முறை வெட்டுமுகத்தையும் (நார் அறுபட்டு முடியும் முனையை) சந்திக்கிறது. அந்த வெட்டுமுகங்களை ஒட்டித்தான் நார் பிய்ந்து எழும்புகிறது. வாசகர்கள் சொல்லும் 'எதிரெதிரே இரண்டு இடங்கள்' இவையே. அங்கே மட்டும் உப்புத்தாளை அழுத்தினால் பள்ளம் விழும். கிண்ணமும் வட்டம் தப்பும். ஆகவே முதல் அளவுகோல், பழகாத கைக்கும் சுத்தமான வெட்டைத் தரும் கட்டை எது என்பது.

வளைவைப் பழகும் வாய்ப்பு. நல்ல வடிவம் ஒரே கிண்ணத்தில் கைவராது. பல கிண்ணங்கள் கடைய வேண்டும். சிலவற்றை நடுவில் இரண்டாக அறுத்து உள்வளைவையும் வெளிவளைவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அறுக்க மனம் வராத அளவுக்குக் கட்டை விலை கூடியதாக இருந்தால் பழக்கம் அங்கேயே நின்றுவிடும்.

நிலைப்பு. மரம் உலரும்போது நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளியே போகும் திசையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்குகிறது. இந்த வேற்றுமையால்தான் வட்டம் முட்டை வடிவமாகிறது, விரிசலும் விடுகிறது.

இவற்றோடு செலவு, காத்திருக்கும் காலம், உடம்புக்கு வரும் கேடு ஆகியவையும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வடிவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் அரக்குப் பூசிய பழைய மரவைகளை (மரத்தில் கடைந்த பாத்திரங்களை) இன்றும் கையில் எடுத்துப் பார்க்கலாம். நல்ல மரவை ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து விளிம்பு வரை விரலால் தடவிப் பாருங்கள். அடி எங்கே முடிந்தது, பக்கம் எங்கே தொடங்கியது என்று விரலுக்குப் பிடிபடாது. கறுப்பு அரக்குக்கு அடியில் ரேகையும் தெரியாது. கண்ணுக்குக் கிடைப்பது வடிவம் மட்டும்தான். அது சரியாக இருப்பதால்தான் பாத்திரம் அழகாக இருக்கிறது. நம் கிண்ணத்தைச் சோதிக்க, மெல்லிய சங்கிலி ஒன்றை இரண்டு கைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, அந்த வளைவைக் கிண்ணத்தின் பக்கத்தோற்றத்தோடு ஒப்பிடலாம். சங்கிலியின் வளைவில் நேர்கோடும் கிடையாது, மூலையும் கிடையாது. அடிப்பாதம் வாயின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால் கிண்ணம் தரையில் அழுந்தி உட்காராமல் எழுந்து நிற்பதுபோல் இருக்கும். தொடக்கத்தில் எல்லாரும் பாதத்தை அகலமாக விட்டுவிடுகிறார்கள். சக் (கட்டையைப் பற்றிக்கொள்ளும் எந்திரப் பிடி) கவ்வுவதற்காக அடியில் விடும் கழுந்தின் அளவையே பாதத்தின் அளவாக எடுத்துக்கொள்வதுதான் அதற்குக் காரணம்.

## வழி 1: பழைய தேக்குத் துண்டு

19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை இங்கே எழுந்த நகரத்தார் வீடுகளில் இழைத்த பர்மாத் தேக்கு, தலைமுறைகளாகக் கூரைக்குக் கீழே உலர்ந்த மரம். கடைந்த பிறகு கோணாது. இன்று கடைந்து இன்றே முடிக்கலாம். மூடியோடு கூடிய டப்பா, துல்லியமான வட்டம் தேவைப்படும் எதுவாக இருந்தாலும் இதற்கு ஈடான கட்டை நம் பக்கத்தில் எளிதில் கிடைக்காது.

பழகுகிறவருக்கு இது ஏற்றதா என்றால், தயங்குகிறேன். தேக்கில் மணற்சத்து உண்டு. உளியின் முனையை அது வேகமாகத் தின்றுவிடும். ஹை ஸ்பீடு ஸ்டீல் உளியே அடிக்கடி சாணைக்குப் போக வேண்டியிருக்கும்போது, பட்டறையில் அடித்த சாதாரண உளி எம்மாத்திரம்? முனை மழுங்கியது பழகாத கைக்குத் தெரியாது. அழுத்திக் கடைவார், நார் பிய்யும், அதை மறைக்க உப்புத்தாளைக் கையில் எடுப்பார். உலர்ந்த பழந்தேக்கு நொறுங்கும் இயல்புடையது. விளிம்பில் சிறு சில்லுகளாகத் தெறிக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. உத்திரத் துண்டுக்குள் முறிந்த ஆணி இருக்கும். வெளியே தெரியாது, அதைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறுத்திருப்பதை வைத்து ஊகிக்கலாம். காந்தத்தை எல்லாப் பக்கமும் ஓட்டிப் பார்க்காமல் கட்டையை ஏற்றாதீர்கள். சுற்றும் கட்டையில் உளி ஆணியைத் தொட்டால் முனை போவது மட்டுமல்ல, கையும் போகலாம். ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரையையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அடுத்தது தூசு. தேக்குத் தூசு சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும், மூச்சையும் பாதிக்கும். என்95 முகக்கவசம் இல்லாமல் தேய்க்கவே கூடாது.

கனமும் ஒரு சிக்கல். கைமரம், பலகை போன்றவை மெல்லியவை. அவற்றில் தட்டுத்தான் வரும். ஆழமான கிண்ணத்துக்கு மூன்று அங்குலக் கனமாவது வேண்டும். அது உத்திரத்திலும் தூணிலும்தான் கிடைக்கும். கன அடிக் கணக்கில் விற்கும் அந்த மரத்தின் விலையைக் கேட்ட பிறகு யாருக்கும் இரண்டாக அறுத்துப் பார்க்கும் துணிச்சல் வராது. முழுத் தூணையும் கிண்ணத்துக்காக அறுப்பது எனக்கு உடன்பாடில்லை. கடைசல் தூண் இன்னொரு வீட்டில் தூணாகவே நிற்கட்டும். அறுத்து மிஞ்சிய முனைத் துண்டுகளே நமக்குப் போதும்.

## வழி 2: ஈரக் கட்டை, ஒரே மூச்சில்

நான் பரிந்துரைக்கும் தொடக்கம் இதுதான். ஈரமரத்தை வெட்டும் கூர்மையான நகவுளி (நகம்போல் வளைந்த முனையுள்ள குழி உளி), நீளமான சுருள்களைத் தோளுக்கு மேலே வீசும். தூசு எழாது. தவறு செய்தால் சத்தமே சொல்லிவிடும்: வெட்டுச் சரியாக இருக்கும்போது சீறலும், உளி சுரண்டும்போது உறுமலும் கேட்கும்.

உளியின் சாய்முகம் (முனைக்குப் பின்னால் சாய்வாகத் தீட்டிய பரப்பு) முதலில் மரத்தைத் தொட வேண்டும். பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் முனை வெட்டத் தொடங்கும். வெளிப்புறத்தில் பாதத்திலிருந்து விளிம்பை நோக்கியும், உட்புறத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் கடைய வேண்டும். அப்படிப் போனால் வெட்டப்படும் ஒவ்வொரு நாருக்கும் அடியில் இன்னொரு நார் தாங்கலாக இருக்கும்; பிய்யாது. திசையை மாற்றினால் எவ்வளவு கூர்மையான உளியும் நாரைக் கிளப்பும். வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும். எட்டு அங்குலக் கட்டைக்கு ஏறக்குறைய 750 முதல் 1100 சுற்று. பழகுகிறவர் கீழ் எல்லையில் இருப்பது நல்லது. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் கட்டாயம்.

இந்த வழியில் சுவர் சீராக மெல்லியதாக, ஐந்தாறு மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் உலரும்போது விரிசல் விடும். வெளியே விளக்கை வைத்து உள்ளே பார்த்தால் ஈரச் சுவரில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும்; அதன் நிறத்தை வைத்தே கனத்தை ஒப்பிடலாம். தொடங்கினால் ஒரே அமர்வில் முடித்துவிட வேண்டும். சாப்பிட எழுந்தால்கூட நீர் தெளித்து ஈரத்துணி போர்த்திவிட்டுப் போங்கள். சித்திரை வெயிலில் அந்த இடைவெளி போதும், விளிம்பு விரிய.

இதன் விலை, கிண்ணம் கோணுவது. சில வாரங்களில் வாய் முட்டை வடிவமாகும், பாதம் ஆடும். தட்டையான கல்லின் மேல் உப்புத்தாளை விரித்துப் பாதத்தைத் தேய்த்தால் ஆட்டம் நின்றுவிடும். கண்ணாடி மேல் வார்த்த ஆத்தங்குடிக் கல் ஒன்று வீட்டில் மிச்சமிருந்தால் அதைவிடத் தோதான பரப்பு வேறில்லை. ஈரமரத்தில் உப்புத்தாள் உடனே அடைத்துக்கொள்ளும். உலர்ந்த பிறகு கிண்ணம் வட்டமாக இல்லாததால் எந்திரத்தில் வைத்துத் தேய்க்கவும் முடியாது, கையால்தான் தேய்க்க வேண்டும். ஆகவே உளி விட்டுச்சென்ற பரப்பே ஏறக்குறைய இறுதிப் பரப்பு. இதைக் குறையாகச் சிலர் சொல்வார்கள். வெட்டைப் பழகுகிறவருக்கு இதுதான் நன்மை.

எந்த மரம்? தூங்குமூஞ்சி கிடைத்தால் விடாதீர்கள். ஈரத்தில் கடைந்தாலும் மிகக் குறைவாகவே சுருங்கும் மரம் அது. வெளிர்ந்த வெளிமரமும் சாக்லேட் நிற வைரமும் ஒரே கிண்ணத்தில் வரும். பூவரசு, சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு நான் முதலில் சொல்லும் மரம். உணவில் சுவையை இறக்காது. பசிபிக் தீவுகளில் தலைமுறைகளாக இதில் உணவுக் கிண்ணம் செய்திருக்கிறார்கள். வேம்பில் நார் பின்னிக்கிடக்கும். கொஞ்சம் பழகிய பிறகு எடுங்கள். மாமரப் பால் சிலருக்குத் தோலில் புண் உண்டாக்கும். வாகைத் தூசு தும்மலைக் கிளப்பும்.

எல்லாரும் மறந்துபோகும் ஒன்று, சிவகங்கை மாவட்டம் முழுவதும் கரிக்கும் விறகுக்கும் போகும் சீமைக்கருவேலம். அதன் இனத்து மரங்கள் எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவாக, அதுவும் மிகக் குறைவாகச் சுருங்குபவை. அமெரிக்காவின் டெக்சாஸில் கடைசல்காரர்கள் இதன் சகோதர மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். கனமான அடிமரம் கிடைப்பதுதான் அரிது. விறகுக்கடையில் சொல்லி வைத்தால், "அண்ணே, தடி ஒண்ணு வந்திருக்கு" என்று கூப்பிட்டுக் கொடுப்பார்கள். விறகு விலைதான்.

இதில் மறைந்திருக்கும் செலவு துருவும் வீணும். ஈரமரத்தின் சாறு எந்திரத்தின் இரும்புப் படுக்கையைக் கறுக்க வைக்கும். வேலை முடிந்ததும் துடைத்து மெழுகு தடவ வேண்டும். தடியை வாங்கியவுடன் இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைப் பூசுங்கள். வெயிலில் கிடந்தால் முனையிலிருந்து விரிசல் உள்ளே ஓடும். கட்டையை எடுக்கும்போது தடியின் நடுநெட்டியை விலக்கி அறுக்க வேண்டும். நெட்டி உள்ளே இருந்தால் கிண்ணம் பெரும்பாலும் விரியும். ஈரக் கழுந்தைச் சக் நசுக்கிக்கொண்டே போகும் என்பதால் அவ்வப்போது நிறுத்தி இறுக்கவும் வேண்டும்.

## வழி 3: தடிமனாகக் கடைந்து, உலரவிட்டு, மீண்டும்

முதல் கடைசலில் சுவரின் கனத்தை விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக விட வேண்டும். பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலம். உலர்ந்து கோணிய பிறகும் அதற்குள் ஒரு முழு வட்டம் எடுக்க அந்தக் கனம் போதும். எடையைக் கிண்ணத்தின் மேலேயே பென்சிலால் எழுதி, வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் உலர்ந்துவிட்டது.

நம் ஊர்ப் பருவம் இதற்கு ஒத்துழைக்கும், காலம் பார்த்துத் தொடங்கினால். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் கடைசல் செய்தால் காற்றின் ஈரம் உலர்தலை மெதுவாக்கும்; விரிசல் குறையும். பங்குனிக்குள் பெரும்பாலானவை இரண்டாம் கடைசலுக்குத் தயாராகும். அக்கினி நட்சத்திரத்தில் முதல் கடைசல் செய்து திறந்த இடத்தில் வைத்தால் பாதிக் கிண்ணங்கள் விரிந்துபோகும். அப்போதுதான் மரம் கிடைத்தது என்றால், காகிதப் பைக்குள் அதே மரத்தின் சுருள்களைப் போட்டு, அதற்குள் கிண்ணத்தைப் புதைத்து, காற்றோட்டம் குறைந்த அறையில் வையுங்கள். மழைக்காலத்தில் அதே பையில் பூஞ்சை பிடிக்கும். அப்போது சுருளை அடிக்கடி மாற்ற வேண்டும்.

இன்னொரு முறை, முதல் கடைசல் முடிந்தவுடன் கொதிநீரில் வேகவைப்பது. அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. விசேஷத்துக்கு எடுக்கும் பெரிய அண்டா எல்லா வீட்டிலும் இருக்கிறதே, நாலைந்து கிண்ணங்களை ஒன்றாக இறக்கலாம். (பிறகு அந்த அண்டாவில் சோறு வடிக்க முடியாது; மரச்சாறு கறையேற்றிவிடும். பழையதைத் தனியாக ஒதுக்குங்கள்.) வேகவைத்தால் விரிசல் குறைகிறது, மாமரம் போன்றவற்றின் வெளிமரத்தை உளுக்கச் செய்யும் வண்டின் முட்டைகளும் அழிகின்றன. உளுப்பு இந்த வழியின் பெரிய பகை. ஆறு மாதம் காத்திருந்து எடுத்துப் பார்த்தால் தட்டில் மாவு கொட்டிக்கிடக்கும்.

வடிவத்துக்கு இந்த வழி தரும் நன்மை பெரிது. காத்திருந்த மாதங்களில் கண் முதிர்ந்திருக்கும். அன்றைக்குச் சரி என்று பட்ட மூலை இன்றைக்கு உறுத்தும். சுவரில் மிச்சக் கனம் இருப்பதால் திருத்தலாம். வழவழப்பிலும் இதுவே மேல்: உலர்ந்த, வட்டமான, இனிக் கோணாத பரப்பு என்பதால் எந்திரத்தை மெதுவாக ஓட்டி 120, 180, 240, 320 என்று எண் தாண்டாமல் உப்புத்தாள் தேய்க்கலாம். 80ஐத் தேடும்படி இருந்தால் உளியைத் தீட்டிக்கொண்டு இன்னொரு மெல்லிய வெட்டு எடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பழைய தேக்கு | ஈரம், ஒரே மூச்சில் | ஈரம், இரு முறை |
|---|---|---|---|
| வெட்டு எளிமை | கடினம். உளி விரைவில் மழுங்கும் | மிக எளிது | முதலில் எளிது, பிறகு நடுத்தரம் |
| வளைவு பழக | விலை தடுக்கும் | மிகவும் ஏற்றது | திருத்த வாய்ப்பு உண்டு |
| முடிவில் வட்டம் | அப்படியே நிற்கும் | முட்டை வடிவமாகும் | நிற்கும் |
| உப்புத்தாள் | உடனே, எந்திரத்தில் | உலர்ந்த பின், கையால் | எந்திரத்தில் |
| காத்திருப்பு | இல்லை | சில வாரங்கள் | பல மாதங்கள் |
| மறைந்த செலவு | ஆணி, சாணை, தூசு | துரு, விரியும் கட்டைகள் | இடம், உளுப்பு, விரிசல் |

## யாருக்கு எது

உளி பிடித்து இன்னும் ஓராண்டு ஆகாதவர், ஞாயிறுகளில் மட்டும் எந்திரத்தில் நிற்பவர், கையில் பணம் குறைவாக இருப்பவர் இரண்டாம் வழியில் தொடங்கட்டும். அதிலும் முதல் சில கிண்ணங்களுக்கு எண்ணெயே போட வேண்டாம். ரம்பத்தால் நடுவில் அறுத்து, அறுத்த பக்கத்தைப் பாருங்கள். நடுவில் கனம் எவ்வளவு, பக்கம் திரும்பும் இடத்தில் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். அந்தத் திருப்பத்தில்தான் எல்லாருக்கும் மரம் மிஞ்சி நிற்கிறது. உளியின் சாய்முகம் அங்கே மரத்தை விட்டு விலகிவிடுவதே காரணம்.

யாருக்காவது கொடுக்க, அல்லது விற்க வேண்டும் என்றால் மூன்றாம் வழி. வட்டம் தப்பிய கிண்ணத்தின் அழகைப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. ஆனால் சாப்பாட்டு மேசையில் ஆடாத, அடுக்கினால் உட்காருகிற கிண்ணத்தைத்தான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். இரண்டாம் வழியில் பழகும் காலத்திலேயே நல்ல கட்டை அகப்படும்போது ஒன்றிரண்டைத் தடிமனாகக் கடைந்து பரணில் போட்டு வையுங்கள்.

தேக்கு எப்போது? உங்கள் குடும்பத்து வீட்டின் மரம், அதன் நினைவு நிலைக்க வேண்டும் என்றால் வேறு எந்த மரமும் அதற்கு ஈடாகாது. மூடிப் பாத்திரம் செய்வதானாலும் அதுவே. சாணை பிடிப்பது கைவந்த பிறகு அதை எடுங்கள்.

## கடைசியாகப் பூச்சு

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் ஆளி எண்ணெய் போன்றவை காய நாளாகும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு அதன் மேல் நன்றாகப் பிடிக்கும், ஒரே நாளில் காயும். சூடும் ஈரமும் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் அலங்காரத்துக்கும் உலர்ந்த பண்டத்துக்கும் மட்டுமே. ஈரத்தில் கடைந்த கிண்ணத்துக்கு உலர்ந்த பிறகு, மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபினை நான்கு பங்கு எடுத்து, ஒரு பங்கு தேன்மெழுகை அதில் உருக்கித் தடவுங்கள். கெட்டுப்போகாது, வாசனை வராது. அவ்வப்போது மறுபடி தடவ வேண்டும். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். முழுமையாகக் காயாமல் நாளடைவில் சிக்கு நாற்றம் அடிக்கும்.

இரு முறை கடைந்த கிண்ணத்துக்கு ஆளி எண்ணெய் அழகாகப் பொருந்தும். மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. 'காய்ச்சியது' என்று விற்பதில் விரைவில் காய்வதற்கான உலோக உப்புகள் கலந்திருக்கும். உணவுக் கிண்ணத்துக்குக் காய்ச்சாத எண்ணெயை வாங்கிப் பொறுமையாக இருங்கள். அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியக் கூடாது. காயும்போது அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். சுருளும் தூசும் குவிந்த பட்டறையில், நம் ஊர் வெயிலில், அந்த ஆபத்து இன்னும் அதிகம். துணியை நீரில் நனைத்து, வெளியே கொடியில் தனியாக விரித்துக் காயப் போடுங்கள். விறைத்துப் போன பிறகு எறியலாம்.